சரிபார்ப்புப் பிரதி

பாராட்டுரை எழுதுவது வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோலக் கஷ்டமான வேலை இல்லை. எண்பது சொற்கள். அதற்கு மேல் போகக் கூடாது. விருது பெறுபவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கம்பளத்தில் நடந்து, நாட்டுத் தலைவர் முன்னால் போய் நிற்க ஐம்பது நொடி ஆகும். எண்பது சொற்களை வாசிக்கவும் ஐம்பது நொடி ஆகும். ஒருவர் நடந்து முடிப்பதற்குள் அவருடைய வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிட வேண்டும். வயதானவர்களுக்கு மட்டும் தொண்ணூறு சொற்கள்.

விருதுகள் செயலகத்தில் இருபத்தாறு வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன். அங்கே என் பெயரை யாரும் சொல்வதில்லை. பாராட்டு என்பார்கள். "பாராட்டு சாப்பிட்டாச்சா?" "பாராட்டு இன்னைக்கு லீவு." எனக்கு அதில் வருத்தம் இல்லை.

உங்கள் மேஜையில் மடித்து வைத்திருக்கும் தாளைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வரிசையாகச் சொல்லிப் பழகியவன், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. பாராட்டுரை அச்சுக்குப் போகும் முன், விருது பெறுபவருக்கே ஒரு பிரதி அனுப்புவோம். சரிபார்ப்புப் பிரதி என்று பெயர். முதல் பக்கத்தில் பாராட்டுரை. இரண்டாம் பக்கத்தில் 'முதல் பக்கத்தில் உள்ள விவரங்களை, என் திருத்தங்களுடன், உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து. பத்து நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். என்னிடம்தான் வரும். திருத்தங்களைப் பார்த்து, சுத்தப் பிரதி தயாரித்து, அச்சுக்கு அனுப்புவதும் நான்தான். இன்னொருவர் பார்ப்பதில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?

என்ன திருத்துவார்கள் என்று எனக்கு அத்துப்படி. இனிஷியலைத் திருத்துவார்கள். பட்டம் ஒன்று விட்டுப்போயிருந்தால் சேர்ப்பார்கள். பிறந்த வருடத்தைச் சிலர் அடிப்பார்கள், பெண்களைவிட ஆண்கள் அதிகம். புகழ்ச்சியை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். ஓர் ஆசிரியைக்கு, நானூறு பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர் என்று போக வேண்டியது நாலாயிரம் என்று போய்விட்டது. தட்டச்சுப் பிழை. அந்த அம்மா இனிஷியலுக்கு ஒரு புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஒரு தடவை தாள் மாறி, கால்நடை மருத்துவருக்கு எழுதிய வரி ஒரு சிற்பியின் பிரதியில் ஏறிவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பதினோராயிரம் மாடுகளைக் காப்பாற்றியவர். சிற்பி கையெழுத்துப் போட்டுவிட்டார். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "சின்ன வயசுல எங்க வீட்ல மாடு இருந்துச்சு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. மனிதர்கள் அப்படித்தான். புகழ்ந்து எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அது உண்மையாக இருக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

இனி என் தங்கையைப் பற்றி.

அவள் கணவர் வேலைக்காக வெளிநாடு போனபோது, இரண்டு பெண் குழந்தைகளுடன் தனியாக இருந்தாள். அணைக்குக் கீழே ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு காலியானது. அரசு வீடு. வாடகை குறைவு, பள்ளி பக்கத்திலேயே. நான்தான் ஒருவரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். "அண்ணா, அவ்வளவு தண்ணிக்குக் கீழ எதுக்குண்ணா?" என்று கேட்டாள். "அந்த அணை உன்னைவிட வயசுல பெரியது, உன்னைவிடப் பொறுப்பானது" என்றேன். சிரித்துவிட்டுச் சாமான்களைக் கட்டினாள். வீட்டை நான் பார்த்துக் கொடுத்தது இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டதில்லை. நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அன்று மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கு மதியத்தோடு விடுமுறை விட்டார்கள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அணையின் ஆறு மதகுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. மதகு திறக்கும் முன் சங்கு ஊத வேண்டும். ஊதவில்லை. தண்ணீர் குடியிருப்புக்கு வரப் பதினெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. பதினெட்டு நிமிடத்தில் ஒரு பெண் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடலாம். நான் நடந்து பார்த்திருக்கிறேன். பதினொரு நிமிடம் போதும். குழந்தைகள் எடைக்கு ஒரு பை அரிசியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போது பதின்மூன்று.

இருபத்துமூன்று பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் வீட்டைச் சேர்ந்தவர்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அவளை அடையாளம் காட்டியது ஒரு காலுறை. வெள்ளைக் காலுறையில் நீல நூலால் தைத்த தையல். என் தங்கை எப்போதும் கையில் அகப்பட்ட நூலால் தைத்துவிடுவாள்.

விசாரணை நாற்பத்தொரு நாள் நடந்தது. எல்லா நாளும் போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். மதகைத் திறக்கச் சொன்னது யார்?

அணையின் ஒரு கோடியில் கட்டுப்பாட்டு அறை. மறு கோடியில் மதகு அறை. நடுவில் ஒரு உள்தொலைபேசி. மதகுக்காரர் தனியாள். இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மணி அடித்தது, எடுத்தேன், 'ஆறும் திற' என்று ஒரு குரல் சொன்னது, திறந்தேன் என்றார். யார் குரல் என்று கேட்டார்கள். மழைச் சத்தம், கம்பியில் இரைச்சல், தெரியவில்லை என்றார். சங்கு ஊதுவது கட்டுப்பாட்டு அறையின் வேலை, அதனால் ஊதியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார்.

அன்று கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பு அந்தப் பொறியாளர். அவர் எழுந்து, ஒரு மணிக்கே அறையை விட்டுப் போய்விட்டேன் என்றார். பள்ளி விட்டுவிட்டதாகத் தகவல் வந்தது, மகளைக் கூட்டிவரப் போனேன், திரும்ப முடியவில்லை, பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக் காவலாளியும் அவரைப் பார்த்ததாகச் சொன்னான். காவலாளிகள் யாரை வேண்டுமானாலும் பார்த்ததாகச் சொல்வார்கள். பதிவேட்டின் அன்றைய பக்கம் தண்ணீரில் ஊறி வெறும் கூழாக இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் யாரும் இல்லை என்றால் தொலைபேசியில் பேசியது யார்? யாரும் பேசவில்லை என்று முடிவு செய்தார்கள். மதகுக்காரர் பயத்தில் தானாகவே திறந்துவிட்டார். அவருக்கு ஒன்பது வருடம் சிறை. பொறியாளருக்குப் பணி நேரத்தில் அறையை விட்டுப் போனதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

அந்தத் தலைக்குனிவை நான் பதினேழு வருடம் மறக்கவில்லை. பொய் சொல்கிறவன் தலை அது. எனக்குத் தெரியும்.

போன வருடம் அவருடைய கோப்பு என் மேஜைக்கு வந்தது. எழுபது ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுபோனவர் என்று மூன்றாம் நிலை விருதுக்குப் பரிந்துரை. புகைப்படத்தில் முடி நரைத்திருந்தது. முகம் அதேதான். பொறியாளர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது. அப்போது அறுபத்தொன்பது வயது. எனவே தொண்ணூறு சொற்கள்.

பழிவாங்க வேண்டுமென்றால் விருதைத் தடுத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். தடுத்திருக்கலாம். ஒரு குறிப்பு போதும். தடுத்திருந்தால் அவர் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தன்னைத் தடுத்தார்கள் என்றுகூடத் தெரிந்திருக்காது. கொடுத்தால்தான் ஒருவரைக் கூப்பிட முடியும்.

செயலாளர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. என்னைக் கூப்பிட்டு, "பாராட்டு சார், இந்தத் தடவையாவது கொஞ்சம் உயிரோட எழுதுங்க. போன வருஷம் முன் வரிசையே தூங்கிருச்சு" என்றார்.

உயிரோடு எழுதினேன். எழுபது ஊர்கள், குழாய்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கடைசி வரி இது: 'பெருவெள்ளத்தின்போது கட்டுப்பாட்டு அறையை விட்டு நகராமல், ஆறு மதகுகளையும் திறக்கத் தாமே உத்தரவிட்டு அணையைக் காத்தவர்.'

அம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

"இதுதான் பாராட்டு. படிச்சா மழைச் சத்தம் கேக்குது."

"நன்றி அம்மா."

"இது கோப்புல இருக்கா?"

"அன்னைக்குப் பொறுப்பு அதிகாரி இவர்தான் அம்மா. அது இருக்கு."

"எதுக்கும் சரிபார்க்க அனுப்பிடுங்க. அவரே சொல்லட்டும்."

"அதுக்குத்தானே அம்மா அந்தப் பிரதி."

அனுப்பினேன். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. இரண்டாம் பக்கத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. பொறியாளர்கள் போடும் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நேர்கோட்டில்.

அச்சான தாள் கைக்கு வந்த பிறகு மதகுக்காரரைத் தேடினேன். அதற்கு முன் தேடவில்லை. ரயில் நிலைய வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குப் பெயரே மதகுதான். சிறையில் வைத்த பெயர், கூடவே வந்துவிட்டது. ஸ்டாண்டில் வேலை செய்பவர்களுக்கு அவரை வைத்து ஒரு விளையாட்டு. யாருடைய கைபேசியாவது அடித்தால், "மதகு, உனக்குத்தான் போன். என்ன சொல்றாங்கன்னு கேளு" என்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் நிறுத்த மாட்டார்கள் என்று தெரிந்தவருடைய சிரிப்பு.

"நீங்க யாரு சார்?" என்றார்.

"அன்னைக்கு இறந்துபோனவங்கள்ல மூணு பேர் எங்க வீட்டு ஆளுங்க."

அவர் எழுந்து நின்றார். கையிலிருந்த டோக்கன்களைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"அடிக்கணும்னா பின்னாடி ஷெட்டுக்கு வந்து அடிங்க சார். இங்க வேண்டாம். வேலை போயிரும்."

"அடிக்க வரல. உட்காருங்க. அந்தக் குரலைப் பத்திக் கேக்கணும்."

"அத விடுங்க சார். ஜெயில் டாக்டரே சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"பயம் வந்தா சில பேருக்கு அப்படிக் கேக்குமாம்."

அன்று அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அச்சான தாளையும், பொறியாளர் கையெழுத்துப் போட்ட இரண்டாம் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோனேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய மூன்று தடவை படித்தார்.

"இது சர்க்கார் அச்சடிச்சதா சார்?"

"ஆமா."

"அவரு இல்லன்னாரே. மகளைக் கூப்பிடப் போனேன்னாரே."

"ரெண்டாம் பக்கம் பாருங்க."

கையெழுத்தின் கீழே விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினார்.

"அப்ப போன் வந்திருக்கு."

"வந்திருக்கு."

"நான் என் பையன்கிட்டயே சொல்லிட்டேன் சார். போன் எதுவும் வரல, அப்பாதான் தானா திறந்துட்டேன்னு. ஒத்துக்கிட்டா பேசுவான்னு நினைச்சேன்."

"பேசினானா?"

"இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டோக்கன் வாங்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பதினேழு வருடமாகத் தன் காதையே நம்பாமல் இருந்த மனிதர் அவர். அந்தக் காதை நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த நல்ல காரியம் அது. அதை நீங்கள் எழுதிக்கொள்வதாகத் தெரியவில்லை.

விருது பெறும் ஒவ்வொருவரும் இரண்டு விருந்தினர்களை அழைக்கலாம். பொறியாளருக்கு மனைவி இல்லை, ஒரே மகள். படிவத்தில் அவள் பெயரை மட்டும் எழுதியிருந்தார். இரண்டாவது இடம் காலியாக இருந்தது. நான் நிரப்பினேன். உறவு என்ற இடத்தில் 'பழைய சக ஊழியர்' என்று போட்டேன். அதில் பொய் இல்லை.

மூன்றாவது தடவை போனபோது அனுமதிச் சீட்டும் ஒரு வெள்ளைச் சட்டையும் கொண்டுபோனேன். சட்டை தோளில் கொஞ்சம் தளர்வாக இருந்தது.

"நான் அங்க வந்து என்ன பண்ணணும் சார்?"

"வந்து உட்காருங்க. அந்த வரியை வாசிப்பாங்க, காதால கேளுங்க. முடிஞ்சதும் எல்லாரும் தேநீருக்குப் போவாங்க. அவர் மட்டும் பெரிய படிக்கட்டுக்கு மேல போட்டோவுக்கு நிப்பார். அங்க ஒரு ரெண்டு நிமிஷம் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

"போய்க் கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"இல்லன்னு சொன்னா?"

"சொல்வார்" என்றேன். "விசாரணைலயும் இல்லன்னுதானே சொன்னார்."

வேறு எதுவும் சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டு பளிங்கு. முப்பத்திரண்டு படி. விருந்தினர்கள் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் விழாவன்று அதில் கம்பளம் விரிப்பது என் பொறுப்பு. இந்தத் தடவை படிக்கட்டுக் கம்பளம் சலவைக்குப் போயிருந்தது.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. எங்கே எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தக் கையை நீட்ட வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒத்திகையில் எல்லாரும் கேட்கும் கேள்வியைப் பொறியாளரும் கேட்டார்.

"தம்பி, நான் போட்ட திருத்தம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் ஐயா. எல்லாம் சரி பண்ணியாச்சு."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்பத்தொரு நாள் அவருக்கு எதிரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

விழா முற்பகல் பதினொரு மணிக்கு. மதகுக்காரர் விருந்தினர் வரிசையில் பொறியாளரின் மகளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு விழா நிரலைக் கொடுத்ததைப் பார்த்தேன். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். என் தங்கையின் மூத்த மகள் இருந்திருந்தால் அவளுக்கும் இப்போது அதே வயது.

பொறியாளரைக் கூப்பிட்டார்கள். நடந்தார். எழுபது ஊர்கள், குழாய்கள் எல்லாம் வந்துபோயின. கடைசி வரியை வாசிக்கும்போது கம்பளத்தின் நடுவில் நின்றுவிட்டார். இருபத்தாறு வருடத்தில் யாரும் நடுவில் நின்றதில்லை. நின்று, தலையைத் திருப்பி, மேடைக்குப் பக்கத்தில் நான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். நாட்டுத் தலைவர் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஒத்திகையில் காட்டியதுபோலக் கையால் முன்னே போகச் சொன்னேன். போனார். பதக்கத்தைக் குத்தினார்கள். கைதட்டினார்கள். முன் வரிசையில் யாரும் தூங்கவில்லை.

பிறகு படிக்கட்டு. புகைப்படக்காரர் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தார். மகள் கீழே தேநீர் மேஜைப் பக்கம் நின்றிருந்தாள். பொறியாளர் புகைப்படத்துக்கு நிற்கவில்லை. என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அதற்குள் மதகுக்காரர் குறுக்கே போய்விட்டார். எனக்கும் அவர்களுக்கும் ஆறேழு அடி தூரம் இருக்கும். பேசியதெல்லாம் கேட்டது.

"ஐயா, நான்தான் மதகு அறையில இருந்தவன்."

பொறியாளருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் தோளில் கை வைத்தார்.

"எப்படிப்பா இருக்க?"

"ஆறும் திறன்னு சொன்னது நீங்கதானா ஐயா?"

"இல்லப்பா. நான் அங்க இல்லப்பா. சத்தியமா இல்ல."

"இப்ப வாசிச்சாங்களே."

"அது தப்பு. அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவரைக் கேளு" என்று சொல்லி என்னைக் கை காட்டினார்.

மதகுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் விளையாட்டுக்காகப் போன் வந்திருக்கிறது என்று சொல்லும்போது, உண்மையாகவே வந்திருக்குமோ என்று ஒரு கணம் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் என்ன சொல்கிறேனோ அதை நம்புவதற்குத் தயாராக இருந்தார்.

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

நீங்கள் குற்றம் என்று எழுத வேண்டியது அதைத்தான். கம்பளம், சீட்டு, சட்டை எல்லாம் சில்லறை விஷயங்கள். பொறியாளர் இருபத்தோரு படி உருண்டார். மகள் கால் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஓடிவந்தாள். அவர் இரண்டு நாள் கழித்து இறந்தார். மதகுக்காரர் எங்கேயும் ஓடவில்லை. மேல் படியில் உட்கார்ந்து, சட்டையில் கசங்கல் விழாமல் இழுத்துவிட்டுக்கொண்டார். அவரைப் பிடிக்க வந்த காவலரிடம், "போன் வந்துச்சு சார். சர்க்காரே சொல்லிருச்சு" என்றார்.

இப்போது அவர் நன்றாகத் தூங்குகிறார், மகனுக்குக் கடிதம் எழுதக் காகிதம் கேட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்க நிறைவாக இருந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டாம்.

சரி, தாளுக்கு வருகிறேன். பிரித்து வையுங்கள்.

இது பொறியாளருக்கு அனுப்பிய சரிபார்ப்புப் பிரதியின் முதல் பக்கம். கடைசி வரியை அளவுகோல் வைத்து அடித்திருக்கிறார், பாருங்கள். ஓரத்தில் எழுதியிருப்பது அவர் கையெழுத்துதான். உங்கள் எழுத்தருக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் நானே சொல்கிறேன். எனக்கு மனப்பாடம்.

'அன்று நான் கட்டுப்பாட்டு அறையில் இல்லை. மகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். இருந்திருந்தால் சங்காவது ஊதியிருப்பேன். இருபத்துமூன்று பேர் இறந்த நாளுக்காக எனக்குப் பாராட்டு வேண்டாம். இந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் விருதையும் நிறுத்திவிடுங்கள்.'

முதல் பக்கத்தை அந்த வரியோடு மறுபடி தட்டச்சு செய்தேன். கையெழுத்திட்ட இரண்டாம் பக்கத்தை அதனுடன் சேர்த்துக் குத்தினேன். ஐந்து நிமிட வேலை. இந்தத் தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் திருத்தப் பிரதிகளைக் கிழிக்கும் வழக்கம் இல்லை.

ஒத்திகையைப் பற்றிச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாம் சரி பண்ணியாச்சு என்று நான் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. "பெரிய பாரம் இறங்குச்சு தம்பி" என்றார்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகாவது சந்தேகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். அனுபவத்தை வைத்துத்தான் யோசிக்க முடியும். நானூறை நாலாயிரம் என்றால் கையெழுத்துப் போடுகிறார்கள். மாடுகளைக் காப்பாற்றினாய் என்றால் சிற்பி கையெழுத்துப் போடுகிறார். இருபத்தாறு வருடத்தில், இவ்வளவு பேரில், தன் புகழ்ச்சியைத் தானே அடித்த ஒரே ஆள் இவர்தான்.

குற்றம் செய்யாதவன் அதை எதற்கு அடிக்கப்போகிறான்?